‘வாசிப்பு’ என்றொரு ஃபோல்டர்

ஐப்பசி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஹம்ஸா தன் கணவர் சக்ரபாணிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய செல்போன் அடித்தது. மாசி மாதத்துக்கு அப்புறம் அந்தப் போனுக்கு அழைப்பு வருவதே குறைந்துபோயிருந்தது. இருந்தாலும் தினமும் அதைச் சார்ஜில் போடுவதை அவள் விட்டதில்லை.

எடுத்து ஹலோ சொல்வதற்குள் அந்தப் பக்கம் ஒரு இளைஞன் பொரிந்து தள்ளினான்.

“சார், நான் ஜாவித் பேசறேன், பாலக்கரை. லிங்க் ஒண்ணுமே ஓபன் ஆக மாட்டேங்குது சார். ஒரு வாரமா ட்ரை பண்றேன். எனக்கு மட்டும்தானோன்னு மத்தவங்ககிட்ட கேட்டேன், யாருக்குமே வரலை. அடுத்த மாசம் செமஸ்டர் சார்.”

“சார் பேசற நிலைமைல இல்லைப்பா. நான் அவரோட வைஃப்.”

“உடம்பு சரியில்லையா மேடம்?”

“ஸ்ட்ரோக் வந்துடுத்து. எட்டு மாசம் ஆறது. பேச்சு போயிடுத்து.”

ஜாவித் மெதுவாகச் சொன்னான்: “எங்களுக்குத் தெரியாது மேடம். லிங்க்கைத் தொட்டா சார் குரல் வந்துட்டே இருந்துச்சா... அதனால சார் நல்லா இருக்காருன்னே நினைச்சுட்டோம்.”

ஹம்ஸா சமாளித்துக்கொண்டு, “நான் பார்க்கறேன்ப்பா, ரெண்டு நாள்ல சரி பண்ணிடறேன்” என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள். சக்ரபாணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயோரத்தில் கஞ்சி வழிந்திருந்தது.

சக்ரபாணிக்கு ஐம்பத்தெட்டு வயது. திருவெறும்பூரில் ஒரு பெரிய தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் இரண்டாம் மாடியில் ஃப்ளாட். ஹம்ஸாவுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. குழந்தை இல்லை. அதைப் பற்றி இருவரும் பேசுவதை நிறுத்தியே வெகுகாலம் ஆகியிருந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் தொழிற்சாலை பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் வருகிறவர் ஒரு உதவி கேட்டார். அவர் பெண்ணுக்குக் கண் பார்வை இல்லை. பொருளாதாரத்தில் ஒரு பாடத்தை யாராவது படித்துப் பதிவு பண்ணிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். சக்ரபாணி வீட்டுக்கு வந்து செல்போனில் படித்துக் கொடுத்தார். அந்தப் பெண் தன் சிநேகிதிகளிடம் சொன்னாள். அவர்கள் வேறு காலேஜ்காரர்களிடம் சொன்னார்கள். பிறகு அதுவே அவருடைய வாழ்க்கையாகிவிட்டது. வரலாறு, அரசியல், தமிழ் இலக்கணம், சமூகவியல் என்று எந்தப் புத்தகம் வந்தாலும் படித்தார். வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டதற்குக்கூட அதுதான் காரணம் என்று ஹம்ஸா நினைத்தாள்.

பகல் இரண்டு மணிக்கு மேல் நாலு மணி வரை தெரு கொஞ்சம் அடங்கும். அந்த நேரத்தில் பின்னறையில் ஜன்னலைச் சாத்தி, கதவில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு உட்காருவார். அப்போது வீட்டில் குக்கர் வைக்கக்கூடாது, மிக்ஸி ஓடக்கூடாது. ஒரு எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டால் அந்தப் பக்கத்தையே முதலிலிருந்து படிப்பார். “கண்ணு தெரிஞ்சவா திருப்பிப் பார்த்துப்பா. அவாளுக்கு நான் சொல்றதுதானே புஸ்தகம்?” என்பார்.

படித்ததையெல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். டிபன் டப்பா அளவில் கறுப்பாக இருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். மோடத்தோடு ஒரு ஒயரில் இணைந்து, புத்தக அலமாரியின் மேல்தட்டில் பச்சை விளக்கு மினுக்க இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். வீட்டுக் கம்ப்யூட்டர்களும் அதைத் திறக்கலாம், வெளியூரில் இருக்கும் மாணவர்களும் லிங்க் வழியாகத் திறக்கலாம். அதில் ‘வீடு’ என்று ஒரு ஃபோல்டர், கல்யாணப் படங்கள், கரண்ட் பில், யாத்திரைப் படங்கள் எல்லாம் அதில். ‘வாசிப்பு’ என்று இன்னொன்று. பாடங்கள் எல்லாம் அதற்குள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் அறைக்குள் படித்துக்கொண்டிருந்தார். குரல் குழறுவது போல் ஹம்ஸாவுக்குக் கேட்டது. ஏதோ வாயில் நுழையாத பேர் போலிருக்கிறது என்று நினைத்தாள். பிறகு குரல் நின்றது. முடித்துவிட்டார் போல என்று நினைத்தாள். ஜமுக்காளம் தொங்கினால் உள்ளே போகக்கூடாது என்பது பழகிப்போன ஒன்று. இருபது நிமிஷம் கழித்துத்தான் போய்ப் பார்த்தாள்.

உயிர் பிழைத்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது. ‘அதுதான்.’ தாகம் எடுத்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், பெருமாள் வீதி புறப்பாட்டின் மேளச் சத்தம் கேட்டாலும் அதுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க அல்ஷிஃபா என்ற பெண் செவ்வாயும் வெள்ளியும் வீட்டுக்கு வருவாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அவள் புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் கேட்டிருந்தாள்: “சார் நல்லா இருந்தப்ப பேசின ரெக்கார்டிங் ஏதாவது இருக்கா மேடம்? தன்னோட குரலையே கேக்கறது சிலருக்கு உதவியா இருக்கும். நிச்சயமா சொல்ல முடியாது. ஆனா முயற்சி பண்ணலாம்.”

“ஒண்ணா ரெண்டா, பதினோரு வருஷத்துக்கு இருக்கு” என்றாள் ஹம்ஸா. எடுத்துத் தருகிறேன் என்றவள், ஆபீஸும் வீடுமாக அலைந்ததில் எடுக்கவில்லை. பெட்டி வீட்டிலேயேதானே இருக்கிறது, எங்கே போகப் போகிறது என்ற நினைப்பு.

ஜாவித் பேசிய அன்றே ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அவர் லேப்டாப்பைத் திறந்தாள். பெட்டிக்கான அடையாளத்தின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி. தொட்டால், நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று வந்தது. பெட்டியில் விளக்கு எரிந்தது. அணைத்துப் போட்டாள். அப்படியேதான். பத்து நாளைக்கு முன் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியதில் பழைய ஒயர் அறுந்துபோய், வேறு கம்பெனியின் இணைப்பும் புது மோடமும் வந்திருந்தன. அதில் ஏதாவது இருக்குமோ என்று அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“நெட் வருதுங்களா மேடம்? வருதுன்னா எங்க சைடுல பிரச்சினை இல்லைங்க” என்று வைத்துவிட்டார்கள்.

பெட்டியின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கே.கே. நகரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பெஞ்சமின் என்பவருடைய பெயரும் நம்பரும். டிஸ்க் மாற்றியவர் போலிருக்கிறது. பெஞ்சமினுக்குச் சக்ரபாணியை நன்றாக நினைவிருந்தது. “ஐயோ, சாருக்கா?” என்று வருத்தப்பட்டார். தான் அன்றைக்கு வையம்பட்டியில் ஒரு ஸ்கூலில் வேலையாக இருப்பதாகவும் நாளன்றைக்கு வருவதாகவும் சொன்னார்.

ஹம்ஸாவுக்குப் பொறுக்கவில்லை. ரெண்டு நாள் என்று அந்தப் பையனிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. “போன்லயே சொன்னேள்னா நானே பண்ணிடுவேன்” என்றாள்.

பெஞ்சமின் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மோடத்தின் பக்கத்தைத் திறந்து, என்னென்ன சாதனங்கள் இணைந்திருக்கின்றன என்று பார்த்தார்கள். பெட்டி இருந்தது, வேறு விலாசத்தில். அந்த விலாசத்தை அடித்ததும் பெட்டியின் பக்கம் வந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. ஹம்ஸாவின் பெயரில் போனால் ‘வீடு’ திறந்தது. ‘வாசிப்பு’ கண்ணுக்குத் தெரிந்தது, தொட்டால் உங்களுக்கு அனுமதி இல்லை என்றது.

“சாரோட அட்மின் பாஸ்வேர்டு தெரியுமா மேடம்?”

“தெரியாதே.”

“அப்ப ரீசெட் பண்ணிதான் உள்ள போகணும். பின்பக்கம் சின்னதா ஒரு ஓட்டை இருக்கும். குண்டூசியோ ஏதாவதோ விட்டு நாலு செகண்டு அழுத்துங்க. பீப்புனு சத்தம் வரும், விட்டுடுங்க. பயப்படாதீங்க, டேட்டா எதுவும் அழியாது. பாஸ்வேர்டு மட்டும்தான் போகும்.”

ஹம்ஸா புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். வராண்டாப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சக்ரபாணி அவள் பெட்டியைத் திருப்புவதைப் பார்த்தார். இடதுகையைத் தூக்கினார். “அதுதான்... அதுதான்” என்றார். பெட்டியைத் தொடுகிறாள் என்றதும் சந்தோஷப்படுகிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. “ஆமான்னா, அதுதான். இதோ ஆயிடும்” என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள். பீப் என்றது.

உள்ளே போனாள். எல்லா அனுமதியும் கிடைத்துவிட்டது. ‘வாசிப்பு’ ஃபோல்டர் மட்டும் சாம்பல் நிறமாகிப் பக்கத்தில் ஒரு பூட்டுப் படத்தோடு நின்றது.

வியாழக்கிழமை பெஞ்சமின் வந்தார். நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம். ஆனால் திரையைப் பார்த்து அரை மணி நேரம் ஆனதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பெட்டியே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை ஒவ்வொரு வரியாகப் பின்னோக்கிப் படித்துக்கொண்டு போனார். காபியைத் தொடவில்லை.

“மேடம், உக்காருங்க” என்றார்.

உட்கார்ந்தாள்.

“சார் இந்த ஃபோல்டருக்குத் தனியா பூட்டு போட்டிருக்காரு. உள்ள இருக்கறதை வேற யாரும் படிக்க முடியாதபடி உருமாத்தி வைக்கற பூட்டு. அதுக்குன்னு ஒரு திறவுச்சொல் இருக்கும். பெட்டி ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் அந்தச் சொல்லைத் தானே எடுத்துத் திறந்துக்கற மாதிரி செட் பண்ணியிருந்தாரு. அதனாலதான் இத்தனை நாள் கரண்ட் போனாலும் வந்தாலும் பிரச்சினை இல்லாம ஓடியிருக்கு.” கொஞ்சம் நிறுத்தினார். “அந்தப் பட்டனை அழுத்தினா பெட்டி அந்தச் சொல்லை மறந்துடும். திருடன் கையில பெட்டி கிடைச்சாலும் திறக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க.”

“டேட்டா அழியாதுன்னேளே?”

“அழியலை மேடம். எல்லாம் உள்ளதான் இருக்கு. திறக்கத்தான் முடியாது.”

பெஞ்சமின் அதோடு விட்டிருக்கலாம். விட மனசு வரவில்லை போலிருக்கிறது.

“நான் நேர்ல வந்து பார்த்துட்டுச் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான். உண்மையில பெட்டில ஒண்ணுமே கோளாறு இல்லை. புது மோடம் வந்ததும் அதோட விலாசம் மாறிப்போச்சு. மோடத்துல பழைய விலாசத்தைக் குடுத்து, வெளிலேருந்து வர்றதுக்கு வழி போட்டிருந்தா போதும். பத்து நிமிஷ வேலை. பாஸ்வேர்டே தேவைப்பட்டிருக்காது.”

சக்ரபாணி எதற்குப் பூட்டு போட்டார் என்பதும் அன்று சாயங்காலம் தெரிந்துவிட்டது. ஜாவித்தே சொன்னான். பரீட்சையில் தங்களுக்காக எழுதுகிறவரைக் கேட்டு விண்ணப்பிக்க மாணவர்களின் ஊனச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் அவர்தான் ஸ்கேன் செய்து வைத்திருந்தாராம். கண் தெரியாத பிள்ளைகளின் காகிதம் யார் கையிலும் சிக்கிவிடக்கூடாது என்பாராம்.

பெஞ்சமின் அடுத்த பத்து நாளில் ஏழு தடவை வந்தார். திறவுச்சொல்லை ஒரு கோப்பாகவும் இறக்கி வைத்துக்கொள்ள முடியும், சார் அப்படி வைத்திருக்கலாம் என்றார். லேப்டாப்பில் தேடினார்கள். அந்த லேப்டாப்பே மூன்று வருஷத்துக்கு முன் வாங்கியதுதான், பழையது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. அலமாரி, மேஜை, பட்டுப்புடவை பீரோவின் லாக்கர் என்று எங்கெங்கோ கிடந்த பென் டிரைவ்கள் ஏழு. ஆறாவதில் அந்தக் கோப்பு இருந்தது. பெஞ்சமின் எழுந்தே நின்றுவிட்டார். ஹம்ஸா பெருமாள் படத்தின் முன்னால் போய்க் கைகூப்பிவிட்டு வந்தாள். கோப்பைக் கொடுத்ததும், பொருந்தவில்லை என்று பெட்டி சொன்னது. தேதியைப் பார்த்தார்கள். அது எட்டு வருஷத்துக்கு முந்தியது. அப்போதிருந்த ஏதோ ஒரு பழைய ஃபோல்டரின் சாவி. அந்த ஃபோல்டர் இன்றைக்கு இல்லை.

சக்ரபாணியின் டைரிகளில் பால்காரர் வராத நாள்கூட இருந்தது. இது இல்லை. ஒருசமயம் ஹம்ஸா அவரிடம், எல்லாத்தையும் எழுதறேளே, பாஸ்வேர்டை எழுதி வைக்க மாட்டேளா என்று கேட்டிருக்கிறாள். “அது என் தலைக்குள்ள இருக்குடி. அதைவிட பத்திரமான இடம் உண்டா?” என்று சிரித்தார்.

ஆகவே அவரிடம்தான் கேட்க வேண்டும். அதை ஹம்ஸாவுக்கு யாரும் சொல்லவில்லை, அவளே அந்த முடிவுக்கு வந்தாள்.

முதல் நாள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் மோடாவைப் போட்டுக்கொண்டு லேப்டாப்பை மடியில் வைத்தாள். “ஏன்னா, வாசிப்பு ஃபோல்டருக்கு ஒரு வார்த்தை வெச்சிருக்கேளே, அது என்ன? ஊர் பேரா?”

“அதுதான்.”

“ரங்கநகரா? ஸ்ரீரங்கமா?”

“அதுதான்.”

“என் பேரா?”

“அதுதான். அதுதான்.” தலையையும் ஆட்டினார்.

ஒவ்வொன்றையும் அடித்தாள். ஒவ்வொன்றும் தப்பு என்று வந்தது. கல்யாண தேதி, அவர் தொழிற்சாலை நம்பர், அவர் அம்மா பெயர் கமலவல்லி, நட்சத்திரம், ஃப்ளாட் நம்பர். எதைக் கேட்டாலும் அதேதான் பதில். அவர் முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே அதுதான் என்று சொல்வது போலத்தான் இருக்கும். அடித்து, தப்பு என்று வந்ததும் அவருக்கும் முகம் விழுந்துவிடும்.

கீபோர்டை அவரிடம் கொடுத்தாள். இடதுகை விரல் எழுத்துகளின் மேல் நகர்ந்தது. எஸ் மேல் நின்றது. அழுத்தினார். பிறகு மறுபடி எஸ். அப்புறம் எஸ், எஸ், எஸ் என்று திரை நிறையும் வரைக்கும் விரலை எடுக்கவில்லை.

அல்ஷிஃபா வந்தபோது ஹம்ஸா கேட்டாள். “அந்த வார்த்தை அவர் உள்ளே இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“இருக்கலாம் மேடம். இருந்தாலும் அதை வெளில கொண்டு வர்ற வழிதான் அடைபட்டிருக்கு. ஆமா, இல்லைங்கறதைக்கூட இப்ப அவரால மாத்தி மாத்திச் சொல்ல முடியலை. அதுக்கே இன்னும் பல மாசம் ஆகலாம். அவசரப்படுத்தாதீங்க.”

ஜாவித்தின் பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. ஹம்ஸா அவசரப்படுத்தினாள். அட்டைகளில் பெரிய எழுத்தில் வார்த்தைகளை எழுதி இரண்டிரண்டாக அவர் முன் நீட்டினாள். அவர் தொட்டதை வைத்துக்கொண்டு அடுத்ததை நீட்டினாள். காலையில் ஆபீஸ் போகுமுன் அரை மணி, சாயங்காலம் வந்ததும் ஒரு மணி. தளிகை ஆனதும் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள். ஒருநாள் அவர் ஒரு அட்டையைத் தொட்டு எடுக்கவே விடவில்லை, அழுத்திப் பிடித்துக்கொண்டார். ‘காவேரி’. ஹம்ஸா உடனே லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். காவேரியைச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து, பின்னால் வருஷம், முன்னால் வருஷம் என்று நாற்பது விதமாக அடித்தாள். இல்லை.

“நன்னா யோசிங்கோ! நீங்க வெச்ச வார்த்தைதானே, இன்னொருத்தர் வெச்சதா?” என்று கத்தினாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிக் கத்தியதில்லை. சக்ரபாணி அட்டையைக் கீழே போட்டார். உட்கார்ந்த இடத்திலேயே வேஷ்டி நனைந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு அழுதார். அழுகைக்கு மட்டும் ஒரு தடங்கலும் இல்லாமல் சத்தம் வந்தது.

அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. அல்ஷிஃபா பயிற்சி முடிந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். போகவில்லை.

“மேடம், ஒண்ணு சொல்லட்டா? தப்பா எடுத்துக்காதீங்க.”

“சொல்லுங்க.”

“நீங்க ரூமுக்குள்ள வந்தீங்கன்னா சார் சுவத்துப் பக்கம் திரும்பிக்கறாரு. இன்னிக்கு மூணு தடவை பார்த்துட்டேன். உங்களைப் பார்த்தா பயப்படறாரு மேடம்.”

ஹம்ஸா கதவைச் சாத்திவிட்டு சமையலறையில் போய் நின்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. வெகுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு அட்டைகளையெல்லாம் சேகரித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். லேப்டாப்பை அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்தாள். அன்றிலிருந்து கேட்கவில்லை.

பெட்டியில் இல்லாவிட்டால் வேறு எங்காவது அவர் குரல் இருக்காதா என்று தேடினாள். ‘வீடு’ ஃபோல்டரில் இருந்த வீடியோ அத்தனையையும் பார்த்தாள். பத்ரி யாத்திரை, மச்சினன் பெண் கல்யாணம், ஆசாரியரிடம் தோளில் சங்கு சக்கர முத்திரை வாங்கிக்கொண்ட சமாச்ரயணம். எல்லாவற்றிலும் கேமராவைப் பிடித்திருந்தவர் அவர்தான். பேசினால் ஒளிப்பதிவு கெட்டுவிடும் என்று வாயைத் திறக்காமல் பிடித்திருக்கிறார். ஒரே ஒரு இடத்தில், “ஹம்ஸா, வெளிச்சத்துக்கு வா” என்று கேட்டது. நாதஸ்வரச் சத்தத்தில் அதுவும் பாதி அமுங்கிவிட்டது.

மாணவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டாள். லிங்க்கிலேயே கேட்டுவிடுவோம் மேடம், இறக்கி வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். பரீட்சை முடிந்ததும் அழித்துவிட்டேன் என்றார்கள் சிலர். எப்போது வேண்டுமானாலும் சார் பெட்டியில் இருக்குமே என்று எல்லோருமே சொன்னார்கள்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஜாவித் வந்தான். பாலக்கரையிலிருந்து பஸ் மாறி, வெள்ளைக் குச்சியோடு தனியாக. மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை. பழைய செல்போனின் மெமரி கார்டில் ஒரு பாடம் மட்டும் இருந்ததாம், இருபத்துமூன்று நிமிஷம். அதைக் கேட்டுவிட்டு ஹம்ஸாவிடம் கொடுக்க வேண்டும் என்று நேரே எடுத்து வந்திருந்தான்.

“சாரைப் பார்க்கலாமா மேடம்?”

கைபிடித்து அழைத்துப்போய் அவர் பக்கத்தில் உட்கார வைத்தாள். ஜாவித் தடவிப் பார்த்து அவருடைய கையைக் கண்டுபிடித்தான். அது வலதுகை. அசைவில்லாத அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “நான் ஜாவித் சார்” என்றான். சக்ரபாணி அவனைப் பார்த்து முகம் கோணச் சிரித்தார்.

ஹம்ஸா ஸ்பீக்கரில் போட்டாள்.

பணவீக்கம் என்றால் என்ன என்று அந்தக் குரல் ஆரம்பித்தது. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் தனியாகக் காதில் விழும்படி. இடையில் ஒரு அட்டவணை வந்தது. எண்களை அவசரமில்லாமல், வரிசைவரிசையாகப் படித்தது. எட்டு மாதத்துக்கு மேலாக அவள் கேட்காத குரல்.

சக்ரபாணி முதலில் வாசல் பக்கம் பார்த்தார், யாரோ வந்திருக்கிறார்கள் என்பது போல. வந்தவரை ஏன் உள்ளே கூப்பிடவில்லை என்று ஹம்ஸாவைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். உதடுகள் லேசாக அசைந்தன, கூடவே படிக்கிறவரைப் போல. ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் அசைந்திருக்கும். குரல் ஓடிக்கொண்டே இருந்தது, உதடுகள் பின்தங்கின. அப்புறம் நின்றன. அது யாருடைய குரல் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். முகம் அப்படியே மூடிக்கொண்டது. இடதுகையை நீட்டி, ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

“கரண்ட் போயிடுச்சா மேடம்?” என்றான் ஜாவித்.

“ஆமாம்ப்பா” என்றாள் ஹம்ஸா.

மேலே ஃபேன் சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. ஜாவித் முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கினான். அவர் கையை மெதுவாக அவர் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

வாசலில் குச்சியை விரித்துக்கொண்டே கேட்டான். “மேடம், நீங்க படிச்சுத் தர முடியுமா? மீதி ரெண்டு பாடம்தான்.”

அவளுக்குப் படிக்கத் தெரியும். நல்ல குரலும்தான். பின்னறைக்குள் போய் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு உட்காருவதை நினைத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் அவர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் நினைத்தாள்.

“என்னால முடியாதுப்பா” என்றாள்.

“பரவாயில்லை மேடம்” என்றான். அவன் படியிறங்கும் குச்சிச் சத்தம் கடைசிப் படி வரைக்கும் கேட்டது.

ஜாவித் மூன்று பேப்பர் தேறினான். பொருளாதாரம் போய்விட்டது. போனில் அதைச் சொன்னபோது, மீதிப் பாடத்தை வேற யாரோ வேகமாப் படிச்சுக் குடுத்தாங்க மேடம், பிடிச்சுக்க முடியலை என்று அவளையே சமாதானப்படுத்துவது போலச் சொன்னான்.

அல்ஷிஃபா விடாமல் வருகிறாள். மெமரி கார்டைப் பற்றி ஹம்ஸா சொன்னதும், இனி அதைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தை முடிவதற்குள் சக்ரபாணிக்கு மூன்று வார்த்தை வந்திருக்கின்றன. தண்ணி, போதும், வேண்டாம். ஹம்ஸாவைப் பார்த்தால் இப்போது சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை. ஆனால் அவள் கையில் காகிதமோ அட்டையோ இருந்தால், அது மருந்துச் சீட்டாக இருந்தாலும்கூட, ‘வேண்டாம்’ என்கிறார். மூன்றிலும் தெளிவாக வருவது அதுதான்.

பெஞ்சமின் கடைசியாக வந்தபோது பெட்டியை என்ன செய்யலாம் என்று கேட்டார். வேறு உபயோகத்துக்கு வேண்டுமானால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கித் தருவதாகச் சொன்னார். ஓடிக்கொண்டே இருந்தால் டிஸ்க் தேய்ந்து ஒருநாள் போய்விடும், அணைத்து வைத்தாலும் நாளாக ஆக எழும்பாமல் போகலாம் என்றும் சொன்னார். ஹம்ஸா ரொம்ப யோசித்துவிட்டு, ஓடட்டும் என்றாள்.

சக்ரபாணியின் நம்பர் எந்தக் காலேஜ் நோட்டீஸ் போர்டில் இருக்கிறதோ, இன்னும் புதிது புதிதாகப் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். போன் வந்தால் ஹம்ஸா பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஆரம்பத்தில் பூட்டு, மோடம், பட்டன் என்று நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்களெல்லாம், அப்ப உள்ள இருக்குல்ல மேடம், எப்படியாவது திறக்க முடியாதா என்று கேட்டார்கள். இப்போது, பாடமெல்லாம் அழிந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறாள்.